டிரைவை மாற்றும் முன்...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்தக் கல்லூரியில் 1988-ல் சேர்ந்து 1991-ல் வெளியே போனவன். அன்றிலிருந்து இன்று வரை கோவையில் மெஷின் ரிப்பேர்தான் என் பிழைப்பு. மேடையில் பேசிப் பழக்கமில்லை. பேனல் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு தனியாகப் பேசித்தான் பழக்கம். செயலாளர் போன் செய்து, "நம்ம பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுப்பா" என்றார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சி.என்.சி. மெஷினில் ஸ்பிண்டில் டிரைவ் மக்கர் செய்தால் என்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது. அதைச் சொல்லும்போது நான் செய்த ஒரு பெரிய தவறையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். சரியாகச் செய்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதிப் பாடம்தான்.

வாசலில் ஒரு சாக்குப் பையை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிரைவ் என்பது என்ன வேலை செய்கிறது?

இங்கே சிவில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெஷினுக்குள் வருவது 415 வோல்ட், மூன்று ஃபேஸ். டிரைவ் அதை முதலில் டி.சி.யாக மாற்றுகிறது. 415-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 587 வோல்ட் வரும். அதைப் பெரிய பெரிய கெப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. இதைத்தான் டி.சி. பஸ் என்கிறோம். ஊர்க் கணக்கில் சொன்னால் மேல்நிலைத் தொட்டி மாதிரி. அந்தத் தொட்டியிலிருந்து ஆறு ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடி, நமக்கு வேண்டிய ஃப்ரீக்வென்சியில் மூன்று ஃபேஸ் கரண்டைத் தயாரித்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. மோட்டாரின் முனையில் இருக்கும் என்கோடர், "இப்போது இவ்வளவு வேகத்தில் சுற்றுகிறேன்" என்று திருப்பிச் சொல்கிறது. டிரைவ் அதைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கிறது. ஜப்பானிய கன்ட்ரோல் போட்ட மெஷின்கள் பலவற்றில் முன்னால் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து 200 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பார்கள். அங்கே பஸ் 283 வோல்ட் சுமார் இருக்கும். தத்துவம் ஒன்றுதான்.

மாணவர்களுக்கு ஒரு சேதி. இந்த ஐ.ஜி.பி.டி.யை 1980 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. சென்னையில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்றவர். இன்று லேத் முதல் மெட்ரோ ரயில் வரை ஓடுவதற்கு அந்தச் சின்னச் சில்லு காரணம். அதை நாம் எரிக்காமல் வைத்திருந்தால் போதும், அவருக்குச் செய்யும் மரியாதை அது.

என் தவறு

2001-ம் வருடம். ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு சிறிய ஜாப் ஆர்டர் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர்கள். மொத்தம் ஒரே ஒரு சி.என்.சி. டர்னிங் சென்டர், அதுவும் பேங்க் லோனில் வாங்கியது. அந்த அண்ணன் சாதாரண லேத் ஓட்டி முன்னுக்கு வந்தவர். ஸ்பிண்டில் ஆன் செய்தால் ஓவர் கரண்ட் அலாரம் என்று கூப்பிட்டார்.

போனேன். பவரை நிறுத்தினேன், டிரைவைத் திறந்து மல்டிமீட்டரை டையோடு ரேஞ்சில் வைத்துப் பார்த்தேன். டபிள்யு ஃபேஸில் இரண்டு பக்கமும் பீப் சத்தம். ஐ.ஜி.பி.டி. ஷார்ட். எனக்கு ரொம்பப் பெருமை. பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா! மோட்டாரையும் பார்த்தேன். அதே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எர்த்துக்குப் பார்த்தேன். ஒன்றும் காட்டவில்லை. "மோட்டார் நல்லா இருக்குதுங்கண்ணா, டிரைவ்தான் போச்சு" என்றேன்.

புது டிரைவ் இரண்டு லட்சத்துக்கு மேல். அந்தக் காலத்து இரண்டு லட்சம். அவர் வீட்டு நகையை வைத்துப் பணம் புரட்டினார். டிரைவ் வந்தது, மாட்டினேன், ஓடியது. அவர் வீட்டில் இருந்து எனக்கு வாழையிலைச் சாப்பாடே வந்தது. மூன்றாம் நாள் இரவு போன். புது டிரைவும் போய்விட்டது.

அன்றைக்குத்தான் மெகர் எடுத்துக் கொண்டு போனேன். மோட்டார் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் உள்ளே கூலன்ட் தேங்கியிருக்கிறது. கேபிள் நுழையும் கிளாண்டின் ரப்பர் வெடித்து, சொட்டுச் சொட்டாக இறங்கி வைண்டிங் வரை நனைத்திருக்கிறது. 500 வோல்ட் மெகர் போட்டால் முள் அசையாமல் ஜீரோவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. யோசித்துப் பாருங்கள். என் மல்டிமீட்டருக்குள் இருந்தது 9 வோல்ட் பேட்டரி. டிரைவ் தள்ளுவது அறுநூறு வோல்ட்டுக்குப் பக்கம். 9 வோல்ட்டுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கிற கசிவு அறுநூறுக்கு அடங்குமா? முதல் டிரைவைக் கொன்றது மோட்டார். அதே மோட்டாரில் நான் இரண்டாவது டிரைவையும் கொண்டுபோய்க் கட்டினேன்.

மோட்டார் பழுதால் எரிந்ததற்கு வாரன்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நான் பாதிப் பணம் தருகிறேன் என்று போய் நின்றேன். அந்த அண்ணன் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, பணம் போனது போகட்டுங். மோட்டார்ல தண்ணி நின்னுதே, அதை மொதல்லயே பாத்திருக்க முடியாதுங்களா?"

முடியும். ஐந்து நிமிட வேலை. நான்கு ஸ்க்ரூ கழற்ற வேண்டும், அவ்வளவுதான். என்னால் வாய் திறந்து அதைச் சொல்ல முடியவில்லை. ஆறு மாதத்தில் அவர் அந்த மெஷினை விற்றுவிட்டார். பிறகு வேறொரு கம்பெனியில் ஃபோர்மேன் வேலைக்குப் போனார். அந்தக் கேள்வியை நான் இன்றும் ஒவ்வொரு பேனலைத் திறக்கும்போதும் கேட்டுக் கொள்கிறேன்.

பார்க்க வேண்டிய வரிசை

அதற்குப் பிறகு நான் எனக்கென்று ஒரு வரிசை வைத்துக் கொண்டேன். மாணவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

முதலாவது, உயிர். மெயினை ஆஃப் செய்த உடனே கையை வைக்காதீர்கள். தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேனே, அந்த 587 வோல்ட் கெப்பாசிட்டரில் அப்படியே இருக்கும். டிரைவின் மேலேயே ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ காத்திருக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். காத்திருந்துவிட்டு, பிறகும் நம்பாமல், பஸ்ஸின் பிளஸ் மைனஸில் மீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே தொடுங்கள். சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டதே என்று நம்பக் கூடாது. விளக்கே பியூஸ் போயிருக்கலாம். ஐசொலேட்டரில் பூட்டுப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வையுங்கள். "யாரும் போட மாட்டாங்க" என்று நினைத்தவர்கள் கதையை நாம் பேப்பரில் படித்திருக்கிறோம்.

இரண்டாவது, பராமீட்டர். எதையும் கழற்றும் முன் கன்ட்ரோலில் இருக்கும் பராமீட்டர்களைக் காப்பி எடுத்து வையுங்கள். டிரைவில் தனியாக இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். பேட்டரி தீர்ந்து பராமீட்டர் அழிந்த மெஷினை உயிர்ப்பிக்கிற பாடு டிரைவ் ரிப்பேரை விடப் பெரிய பாடு.

மூன்றாவது, அலாரம் எப்போது வருகிறது என்ற கேள்வி. அலாரம் நம்பர் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த நம்பர் டிரைவுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லும், நோய் எங்கே என்று சொல்லாது. எப்போது என்று கேட்டால்தான் நோய் பிடிபடும்.

பவர் போட்ட மாத்திரத்தில், ஸ்பிண்டிலை ஓட்டாமலே அலாரம் வந்தால் பெரும்பாலும் டிரைவுக்குள்ளேயே கோளாறு. ஓடச் சொன்ன அந்த நொடியில் ஓவர் கரண்ட் வந்தால் ஐ.ஜி.பி.டி., மோட்டார் கேபிள், மோட்டார் வைண்டிங் இந்த மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். வேகமெடுக்கும்போது வோல்டேஜ் குறைவு என்று வந்தால் வருகிற சப்ளை, அதன் ஜாயின்ட்டுகள், பிறகுதான் கெப்பாசிட்டர். வேகத்தைக் குறைக்கும்போது வோல்டேஜ் அதிகம் என்று வந்தால் வேறு கதை. நிற்கப் போகும் ஸ்பிண்டில் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக மாறிக் கரண்டைத் திருப்பித் தள்ளும். அதை எரித்துத் தீர்க்க வேண்டிய பிரேக் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகு வந்தால் சூடு. மோட்டாரின் பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா, அதில் எண்ணெயும் சிப்ஸும் அப்பியிருக்கிறதா, பேனல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வேகம் ஒத்துப் போகவில்லை என்று வந்தால் என்கோடர், அதன் கேபிள், பெல்ட். லோடே இல்லாமல் சும்மா சுற்றும்போது லோடு மீட்டர் அதிகம் காட்டினால் பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், காதை வைத்துக் கேளுங்கள்.

நான்காவது, பிரித்துப் பார்ப்பது. யு, வி, டபிள்யு மூன்று ஒயரையும் டிரைவிலிருந்து கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாகவும் டிரைவைத் தனியாகவும் பாருங்கள். மோட்டாருக்கு 500 வோல்ட் மெகர். நல்ல மோட்டார் நூறு மெகா ஓமுக்கு மேலே காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் அதை டிரைவில் கட்டவே கூடாது. ஒரு எச்சரிக்கை: டிரைவில் ஒயர் மாட்டியிருக்கும்போதே மெகர் போட்டால் நல்ல டிரைவையும் நீங்களே கொன்றுவிடுவீர்கள். என்கோடர் ஒயரிலும் மெகர் போடக் கூடாது. வைண்டிங் மூன்றும் சமமா என்று பார்க்க சாதாரண மல்டிமீட்டர் போதாது. பெரிய மோட்டாரில் அது ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். மில்லி ஓம் மீட்டர் வேண்டும்.

டிரைவுக்கு டையோடு ரேஞ்ச். பஸ் பிளஸ்ஸிலிருந்து மூன்று ஃபேஸுக்கும், மைனஸிலிருந்து மூன்று ஃபேஸுக்கும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 0.3 முதல் 0.5 வரை காட்டும், மறுபக்கம் ஓப்பன் காட்டும். ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் அதுதான் குற்றவாளி. ஆறும் சரியாக இருந்தால் டிரைவ் நிச்சயம் நல்லது என்று அர்த்தமில்லை. கேட் சர்க்யூட் போயிருக்கலாம். ஆனால் ஷார்ட் இல்லை என்பது உறுதி.

ஐந்தாவது, செத்தது எது என்று தெரிந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். கொன்றது எது என்று தெரிந்த பிறகே புதுசை மாட்ட வேண்டும். 2001-ல் நான் தாண்டிப் போன படி இது.

காலண்டர் தாள்

இந்த வரிசை எனக்கு ஒரு முறை எப்படிக் கை கொடுத்தது என்று சொல்கிறேன். 2012-ம் வருடம். அந்த வருடத்து மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பட்டறைகள் பாதி நேரம் ஜெனரேட்டரில் ஓடின. கணபதியில் ஒரு பட்டறை, 11 வருடமான வி.எம்.சி. மெஷின். ஸ்பிண்டில் வேகமெடுக்கும்போது டி.சி. பஸ் வோல்டேஜ் குறைவு என்று அலாரம். காலையில் வராது. மதியத்துக்கு மேல் வரும்.

எனக்கு முன் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். இருவரும் மூன்று ஃபேஸையும் அளந்திருக்கிறார்கள். 415, 414, 416. அருமையான சப்ளை. "சப்ளை நல்லா இருக்கு, மெஷினுக்கு 11 வயசாச்சு, கெப்பாசிட்டர் வீக், டிரைவை மாத்திடுங்க" என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். மூன்றரை லட்சம். அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. கெப்பாசிட்டர் சூட்டில் சீக்கிரம் வயதாகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்று ஒரு கணக்கே உண்டு.

முதலாளிக்கு வேறொரு முடிவும் இருந்தது. மதிய ஷிஃப்ட்டில் ஓட்டுகிற பையன் கண்டபடி ஹெவி கட் கொடுத்து மெஷினைக் கெடுக்கிறான் என்று. "டிரைவ் மாத்தறதுக்கு முன்னாடி ஆளை மாத்தணுங் சார்" என்றார். பையனுக்கு 22 வயது இருக்கும். ஐ.டி.ஐ. படித்தவன். அவன் எதுவும் பேசாமல் மெஷினைத் துடைத்துக் கொண்டு நின்றான்.

முதலாளி டீ சொல்லப் போனதும் நான் அவனிடம் கேட்டேன். "தம்பி, அலாரம் எப்ப எப்பப்பா வருது?"

அவன் டூல் பெட்டியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தான். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருந்தான். தேதி, மணி, ஈ.பி.யா ஜெனரேட்டரா, எந்தக் கட்டர், எத்தனை ஆர்.பி.எம். மூன்று வாரத்துக் கணக்கு. "எம்மேலதான் சொல்றாங்க சார், அதான் எழுதி வெச்சேன். யாருங் கேக்கல" என்றான்.

அந்தத் தாளை நான் படித்தேன். ஈ.பி.யிலும் வந்திருக்கிறது, ஜெனரேட்டரிலும் வந்திருக்கிறது. அப்படியானால் இரண்டு சப்ளையின் மேலும் சந்தேகம் இல்லை. கட்டிங் நடக்கும்போது ஒரு தடவை கூட வரவில்லை. எல்லாமே கட்டர் மாற்றி ஸ்பிண்டிலை மறுபடி ஸ்டார்ட் செய்கிற நொடியில்தான். அப்படியானால் ஹெவி கட்டும் நேரடிக் காரணம் இல்லை. ஆனால் 80 மில்லிமீட்டர் ஃபேஸ் மில் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகே வருகிறது. அப்படியானால் எங்கோ சூடாகிறது.

பையன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னான். "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? அலாரம் வர்றப்ப மெஷினுக்குள்ள இருக்கற லைட்டு மங்குதுங். ஷெட்டு லைட்டு மங்கறதில்லீங்."

நண்பர்களே, மூன்றரை லட்ச ரூபாய் கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது. மெஷினுக்குள் இருக்கும் விளக்கு கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மரில் எரிகிறது. அந்த டிரான்ஸ்பார்மர் டிரைவுக்கு முன்னாலேயே இரண்டு ஃபேஸிலிருந்து கரண்ட் எடுக்கிறது. கெப்பாசிட்டர் வீக்காக இருந்தால் பஸ் இறங்கும், ஆனால் அந்த விளக்கு மங்க வேண்டிய அவசியமில்லை. ஷெட் விளக்கு மங்கவில்லை என்றால் மெயின் போர்டு வரை கரண்ட் நன்றாக இருக்கிறது. ஆக, கோளாறு மெயின் போர்டுக்கும் மெஷினுக்கும் நடுவில். டிரைவுக்குள் இல்லவே இல்லை.

நடுவில் இருந்தது சுவரில் மாட்டிய ஒரு சுவிட்ச் ஃபியூஸ் பெட்டி. மெயின் போர்டில் நிறுத்திவிட்டு, அந்தப் பெட்டியில் ஒரே ஃபேஸின் உள்ளே வரும் முனையிலும் வெளியே போகும் முனையிலும் மீட்டரை கிளிப் போட்டு மாட்டினேன். மூடிவிட்டு, தள்ளி நின்று பவர் போட்டு ஸ்பிண்டிலை ஓட்டச் சொன்னேன். ஒயர் வழியாகக் கரண்ட் ஒழுங்காகப் போனால் அந்த இரண்டு முனைக்கும் நடுவில் வோல்ட்டே இருக்கக் கூடாது. ஆர் ஃபேஸ், ஒன்றுமில்லை. ஒய் ஃபேஸ், ஒன்றுமில்லை. பி ஃபேஸில் போட்டேன். ஸ்பிண்டில் வேகமெடுத்த நொடியில் முள் அறுபது வோல்ட்டைத் தாண்டி ஆடியது. விளக்கு மங்கியது. அலாரம் வந்தது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், அலுமினியம் கேபிளின் லக் லூஸாகி, சூடேறிச் சூடேறி, உறை கறுத்துப் பொரிந்து போயிருந்தது. மெஷின் சும்மா நிற்கும்போது போகிற கொஞ்சம் கரண்டுக்கு அந்த ஜாயின்ட் போதும். அதனால்தான் எல்லோருக்கும் 415 காட்டியது. சூடான பிறகு ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகி ஒரே இழுவையாகக் கரண்ட் இழுத்தால் அந்த ஃபேஸ் கை விட்டுவிடும். டிரைவ் இரண்டு ஃபேஸில் தொங்கும். தொட்டியில் தண்ணீர் இறங்கிவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. லோடு இல்லாத நேரத்தில் கேட்டால் அது லோடு இல்லாத நேரத்துப் பதிலைத்தான் சொல்லும்.

கேபிளைப் பின்னுக்கு வெட்டி, அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டல் லக் போட்டு கிரிம்ப் செய்து, ஃபியூஸ் பேஸையும் மாற்றினோம். சாமான் செலவு ஆயிரம் ரூபாய்க்குள். அன்று மதியம் மூன்று மணி நேரம் அதே ஃபேஸ் மில்லை ஓட்டி, நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். அலாரம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி போய் ஜாயின்ட்டைச் சோதித்தேன். அந்தப் பழைய டிரைவே அதன் பிறகு ஆறு வருடம் ஓடியது.

முதலாளி நல்ல மனிதர். பையனைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இதை என்கிட்ட மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். அவன், "நீங்க கேக்கலீங்களே" என்றான். முதலாளி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக் கொண்டு நின்றார். அவர் மட்டுமா? மெஷினைப் பார்க்க வந்த இரண்டு பேரும் அவனைக் கேட்கவில்லை. நானும் 2001-ல் அந்த டர்னிங் சென்டர் ஓட்டிய ஆளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "மோட்டார்கிட்ட எப்பவும் கூலன்ட் சொட்டுதுங்க சார்" என்று சொல்லியிருப்பார். அவருக்கு அது தெரியும். பிறகு அவரே சொன்னார்.

மாணவர்களுக்கு

இப்போது மெஷின்கள் மாறிவிட்டன. டிரைவே திரையில் பஸ் வோல்டேஜைப் படமாக வரைந்து காட்டுகிறது. செல்போனில் அலாரம் வருகிறது. எல்லாம் நல்லதுதான், பயன்படுத்திக் கொள்ளுங்கள். ஆனாலும் லக் அதே லக்தான். கூலன்ட் அதே மாதிரிதான் சொட்டுகிறது.

உங்களுக்கு நான் மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். மெஷினிடம் போகும் முன் அதை ஓட்டுகிறவரிடம் போங்கள். அவர் படிப்பைப் பார்க்காதீர்கள். தினம் எட்டு மணி நேரம் அதன் சத்தத்தோடு வாழ்கிறவர் அவர். இரண்டாவது, அளப்பதை லோடில் அளந்து பாருங்கள். அதற்கு ஏற்ற ரேட்டிங் உள்ள மீட்டரும் ஒயரும் வைத்துக் கொண்டு, பாதுகாப்பாக. மூன்றாவது, தெரியாவிட்டால் "இன்னும் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அப்படிச் சொன்னதால் எனக்கு எந்த வாடிக்கையாளரும் போகவில்லை. தெரிந்த மாதிரி சொன்னதால் ஒரு குடும்பத்தின் நகை போயிருக்கிறது.

வாசலில் வைத்த சாக்குப் பைக்கு வருகிறேன். அதற்குள் இருப்பது அந்த 2001-ம் வருடத்து டிரைவ்கள், இரண்டும். அந்த அண்ணன் மெஷினை விற்கும்போது, "இதை நீங்களே வெச்சுக்குங்க தம்பி" என்று கொடுத்தார். கோபத்தில் கொடுத்தாரா, பிரியத்தில் கொடுத்தாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. இத்தனை வருடமாக என் பட்டறை பரணில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

முதல்வர் அவர்களிடம் அனுமதி கேட்டு, இன்று அவற்றை நம் எலெக்ட்ரிக்கல் லேபுக்குக் கொடுக்கிறேன். மாணவர்கள் திறந்து பார்க்கட்டும். டையோடு ரேஞ்சில் வைத்து எந்த ஃபேஸ் ஷார்ட் என்று கண்டுபிடிக்கட்டும். கூடவே ஒரு 500 வோல்ட் மெகரும் வாங்கி வந்திருக்கிறேன். லேபில் ஏற்கெனவே இருந்தாலும் பரவாயில்லை. அதை இந்த இரண்டு டிரைவுக்கும் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். பார்க்கிற ஒவ்வொரு பையனும் பெண்ணும் ஏன் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன என்று கேட்க வேண்டும். கேட்டால் நம் ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.